பத்த வைக்காத கல்யாணம்

யூஜென் அப்பாவுக்கு,

மேஸ்திரி லீவு தரலைன்னு கல்யாணத்துக்கு வராம, ஷென்ஜென் நகரத்துல வேலை பாக்கற இடத்துலேருந்து நீங்க அனுப்பின பத்துப் பெட்டி உசத்தி சிகரெட் வந்து சேர்ந்துச்சு. பிரிக்காம அப்படியே கடைக்காரர்கிட்ட வித்துட்டேன். நம்ம மக யூஜென் கல்யாணத்துல ஒரு மேசையிலயும் சிகரெட் வைக்கல.

உங்க அண்ணன் குதிச்சார். "நம்ம வழக்கப்படி மணப்பொண்ணு விருந்தாளிக்குச் சிகரெட் பத்த வைக்காம என்ன கல்யாணம்? இந்த வீட்டுல ஆம்பளையே இல்லியா?"

"இருக்கார். அங்க இருமிக்கிட்டு இருக்கார்"னேன். சிகரெட்டுக்குப் பதிலா யூஜென் ஆளுக்கொரு கை வேர்க்கடலை வெச்சா. முதல்ல எடுத்து வாயில போட்டது அவ மாமியார்தான்.

மானம் போச்சுன்னு கத்துவீங்க. கத்துங்க. உங்க சம்பளமெல்லாம் புகையாத்தான் போச்சு: மேஸ்திரிக்கு ஒரு பெட்டி, அண்ணனுக்கு ஒரு பெட்டி, மிச்சம் உங்க நெஞ்சுக்கு. இருபது வருஷமா நம்ம கூரை ஒழுகுது.

சிகரெட் வித்த பணத்தை மாவட்ட ஆஸ்பத்திரியில கட்டிட்டேன். செவ்வாய்க்கிழமை உங்க நெஞ்சைப் படம் எடுக்கணும். வரலைன்னா மேஸ்திரி கண்ணு முன்னாலயே இழுத்துட்டு வருவேன்.

போன தடவை வீட்டுக்கு வந்தப்ப தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சீங்களே ஒரு கைக்குட்டை, அதை மூணு தடவை துவைச்சேன். கறை போகல.

இப்படிக்கு,
மானங்கெட்ட உங்க பொண்டாட்டி