வெள்ளையடித்த கற்கள்

மார்ச் 4

என் ரொட்டிக்காரருக்கு,

நானும் மாமாவும் நல்லா இருக்கோம். நீங்க அடுப்புச் சூட்டுல கருகிப் போகாம இருக்கீங்களா?

சந்தோஷ சேதி! நாங்க கண்ணிவெடி எடுக்கிற வேலை நம்ம நிலத்துக்கே வந்தாச்சு. சண்டைக்காரங்க என்னைக்கோ புதைச்சிட்டுப் போனதை நம்ம மண்ணுல நானே மண்டிபோட்டுத் தேடுறேன். பார்த்து முடிச்ச பக்கம் வெள்ளை, பார்க்காத பக்கம் சிவப்புன்னு பூசின கல்லை எல்லையில வரிசையா வச்சிருக்கோம். மெஷின் கத்துதேன்னு மூச்சைப் பிடிச்சுட்டுச் சுரண்டினா, உங்க பழைய வீட்டு ஆணியும் ஸ்பூனும்தான் வருது. ஜூன்ல நிலம் நம்ம கைக்கு வந்துடும். வந்து வீட்டைக் கட்டுங்க.

உங்கள் மனைவி

மார்ச் 19

என் கல்லுளிமங்கிக்கு,

சந்தோஷம்தான், ஆனா பேக்கரியில போன் அடிச்சாலே கையில இருக்கிற மாவு நழுவுது. எத்தனை தடவை சொல்லியாச்சு, நீ காதுல போட்டுக்கவே மாட்டேங்கிற. நம்ம நிலம் முடிஞ்சதும் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுடு. ஜூனுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். கிணத்துப் பக்கம் சமையலறை வேணும், ஜன்னல் பெருசா.

அன்புடன் நான்தான்

ஏப்ரல் 28

என்னங்க,

படிச்சிட்டுக் கத்தாதீங்க. எங்களுக்கு லீவு விட்டிருந்தாங்க. வேலையே முடிஞ்சதுன்னு மாமா நினைச்சுட்டார். மகன் வரும்போது பளிச்சுன்னு இருக்கட்டும்னு எல்லைக் கல்லையெல்லாம் பொறுக்கி, முழுசா வெள்ளையடிச்சு, பழைய வீட்டு வாசல் பாதையில அழகா அடுக்கி வச்சிருக்கார். பார்க்காத பக்கமும் நடந்திருக்கார்! உயிரோட இருக்காரே, அது போதும்.

வரைபடத்துல எல்லை ஒரு அடி முன்னே பின்னே இருக்கும். எங்க வேலையில உயிர் போக ஒரு அடி போதுமே. முதல்லேருந்து பாருங்கன்னு அதிகாரி சொல்லிட்டார். கல்லுக்குப் பூச ஆபீஸ்ல சிவப்புப் பெயிண்டும் தீர்ந்துபோச்சு. எனக்கு அழுகையா வந்தது. மாமா சரியாச் சாப்பிடறதில்லை. டிக்கெட்டை மாத்திட்டு அவருக்கு ரெண்டு வரி எழுதுங்க, திட்டாம.

உங்கள் மனைவி

ஜூன் 30

என்னங்க,

பதிலையே காணோம். கோபமா?

நேத்து கிணத்தடியில வெடி ஒண்ணு எடுத்தோம். நீங்க சமையலறை கேட்ட இடம்தான். பக்கத்துல மாமாவோட செருப்புத் தடம், காய்ஞ்ச சேத்துல அப்படியே இருந்தது. நடுவுல ஒரு சாண். அதை வெடிக்க வச்ச சத்தம் கேட்டு, “மழை வருதாம்மா?”ன்னு மாமா கேட்டார். ஆமான்னுட்டேன்.

நீங்க சொன்னபடி வேலையை விட்டுடலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. அந்தத் தடத்தைப் பார்த்த பிறகு மனசு வரல. அடுத்து பக்கத்து வீட்டு டீச்சர் நிலம். அவங்க வீட்டுலயும் ஒரு அப்பா இருக்கார்.

நிலத்தை ஒப்படைக்கிற அன்னைக்கு அதுல வெடி தேடினவங்கதான் முதல்ல நடந்து காட்டணும், அது எங்க வழக்கம். செப்டம்பர்ல நான் நடக்கும்போது நீங்க இருக்கணும். கோபம்னா கோபத்தோடவே வாங்க.

உங்கள் மனைவி

ஜூலை 15

என் கல்லுளிமங்கிக்கு,

கோபம் இல்லடி, பயம். என்ன எழுதன்னே தெரியாம உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு சாணைப் படிச்ச அன்னைக்கு ரொட்டி மொத்தமும் கருகிப்போச்சு, முதலாளி கிழிச்சுட்டார். கல் அழகா இருக்குன்னு அப்பாவுக்குத் தனியா எழுதியிருக்கேன்.

செப்டம்பர்ல வர்றேன். நீ முன்னால நட, உன் கையைப் பிடிச்சுட்டு நான் பின்னால வர்றேன். வேலையை விடுன்னு இனிமே எழுத மாட்டேன். மனசு ஒத்துக்கல, ஆனா எழுத மாட்டேன்.

இங்க எல்லாரும் பொண்டாட்டிக்கு சென்ட்டு, கைப்பைன்னு அனுப்புறாங்க. நான் சிவப்புப் பெயிண்ட் ரெண்டு டப்பா கப்பல் பார்சல்ல போட்டிருக்கேன், டீச்சர் நிலத்துக்கு. அப்பா கண்ணுல மட்டும் காட்டிடாதே.

உன் ரொட்டிக்காரன்