நீங்கள் திறக்காத கதவு

மச்சான்,

நேற்று நிந்தவூரில் சாச்சியைப் பார்த்துவிட்டுக் கல்முனை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னிருக்கையில் யாரோ வந்து அமர்ந்தார்கள். முதலில் அத்தர் வாசம்தான் வந்தது. லீவில் வரும்போதெல்லாம் கட்டாரிலிருந்து நீங்கள் கொண்டுவருவீர்களே, சட்டையைத் துவைத்த பிறகும் போகாத அந்த வாசம். பிறகு குரல் கேட்டது. இளந்தாரி ஒருவர் போனில் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தார்: "நோ சேர், ஐ டிடின் கேம், சேர்."

என் முழங்கை தானாக இடப்பக்கம் போய்விட்டது, உங்கள் விலாவில் இடிக்க. பக்கத்திலிருந்த பெண் திடுக்கிட்டு மரக்கறிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "குறை நினைக்காதீங்க" என்றேன். பாண்டிருப்பு தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கல்முனையில் இறங்க வேண்டியவள் மருதமுனைக்கே போய்விட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த லீவு உங்களுக்கு நினைவிருக்கும். வேறு எந்த லீவிலும் நீங்கள் அப்படி வந்ததில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, மகளைத் தூக்கிக் கொஞ்சவில்லை. உம்மா ஊற்றித் தந்த தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியது. கேட்டுக் கேட்டுத்தான் விசயம் வெளியே வந்தது. நீங்கள் காவலிருந்த களஞ்சியத்தில், குளிர் அறையின் கதவு ஒரு பகல் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. இறைச்சியும் மீனும் அழுகிவிட்டன. எகிப்துக்கார மேலதிகாரி போனில் உங்களிடம் கேட்டார். பயத்தில் நீங்கள் மளமளவென்று "ஐ டிடின் ஓபண்ட்" என்றீர்கள். நடுவிலிருந்த 'இல்லை' உங்கள் பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்த எகிப்துக்காரரின் காதில் விழுந்தது, திறந்தேன் என்பது மட்டும்தான். "அவனே ஒத்துக்கொண்டான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"நான் தொறக்கல்ல எண்டுதான் சொன்னன் புள்ள. அவருக்குத் தொறந்தன் எண்டு கேட்டிரிக்கி."

வீடியோவில் மறுபடி விசாரிப்போம், அதுவரை திரும்பிவர டிக்கெட் இல்லை என்று கம்பனி சொல்லியிருந்தது. நீங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர். நான் ஏதோ ஏ.எல். வரைக்கும் போனவள். எனக்கும் இங்கிலீசு ஒழுங்காக வராது. ஆனால் அந்த ஒரு சங்கதி தெரியும், டிட் வந்துவிட்டால் பின்னால் வரும் சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று. லுஹர் தொழுதுவிட்டு வந்து நீங்கள் குசினி வாசலில் குந்துவீர்கள். நான் இறால் உரித்துக்கொண்டே கேட்பேன்.

"தொறக்கல்ல. சொல்லுங்க."

"ஐ டிட் நொட் ஓபண்ட்."

"ஓபன்."

"அது நடந்து முடிஞ்ச விசயம் புள்ள. முடிஞ்சத முடிஞ்ச மாதிரித்தானே சொல்லணும்?"

நீங்கள் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், மனப்பாடம் செய்தோம், அவ்வளவுதான். இறால் தோலைக் கோழிக்கு வீசிவிட்டு வரும்போது எப்படியோ தோன்றியது.

"மச்சான், நீங்க தமிழ்ல 'தொறந்தல்ல' எண்டா கதைக்கிறீங்க?"

"இல்ல."

"வேற என்னெண்டு?"

"தொறக்கல்ல எண்டுதான்."

"அதுல முடிஞ்சது எங்க இரிக்கி?"

நீங்கள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தீர்கள். தொறக்கல்ல. போகல்ல. எடுக்கல்ல. பாக்கல்ல. ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தீர்கள். "அப்ப அவனுகளும் நம்மளப் போலத்தான்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு உங்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. மீன்காரர் சைக்கிளை நிறுத்தி "ஏன் காக்கா, நேத்து மீன் எடுக்கல்ல?" என்று கேட்டால், "ஐ டிட் நொட் டேக்" என்பீர்கள். அவர் என்னைப் பார்ப்பார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உம்மாவிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டு, "மாமி, ஐ டிட் நொட் ஈட்" என்பீர்கள். "என்னகா சொல்றார் இவர்?" என்று உம்மா என்னைக் கேட்பா. நான் சொல்வதற்குள் இன்னொரு அகப்பை சோறு உங்கள் பீங்கானில் விழுந்திருக்கும். மகளும் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்வதற்குக்கூட நம் வீட்டில் இலக்கணம் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்றில் மட்டும் நான் கடுமையாக இருந்தேன். டிட் தனியாக, நொட் தனியாக வர வேண்டும். "நொட் எண்டத விழுங்காதீங்க. அத அவர்ர காதுல கொண்டுபோய் வைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே தொண்டை கட்டியது.

விசாரணை அன்று காலையில் போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்தோம். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு கதிரையில் இருந்தீர்கள். நான் படத்தில் விழாதபடி கீழே, சீமெந்துத் தரையில் இருந்தேன். கதவைத் திறந்தாயா என்று கேட்டார் அந்த மனுசன்.

"ஐ டிட். நொட். ஓபன். த டோர், சேர்."

பகல் அந்தப் பக்கம் போனாயா என்றார். "டிட் நொட் கோ" என்றீர்கள். சாவியை யாரிடமாவது கொடுத்தாயா என்றார். "டிட் நொட் கிவ்" என்றீர்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நாம் பழகிப் பார்க்காத ஒன்றைக் கேட்டார். வேலை முடிந்து போகும்போது கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தாயா?

நான் கீழேயிருந்து உங்கள் முகத்தைப் பார்த்து, ஓம் என்று தலையை ஆட்டினேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு போனைப் பார்த்தீர்கள்.

"ஐ டிட் நொட் செக், சேர்."

போன் அணைந்ததும் நான் அழுதேவிட்டேன். "என்னத்துக்கு மச்சான் அதச் சொன்னீங்க?"

"பாக்கல்லதானே புள்ள" என்றீர்கள். "தொறக்கல்ல எண்டு சொன்ன அதே வாய்தான். ஒண்டுல பொய் வந்தா மத்தது எப்படி நிக்கும்?"

அந்தக் கிழமைகள் எப்படிப் போயின என்று இங்கே எழுதப் போவதில்லை. நாம் இரண்டு பேரும் அறிவோம். கடைசியில் செய்தி வந்தது. திறந்தவன் நீங்கள் இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். பார்க்காமல் போனதற்குக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, வெளியில் லொறி ஏற்றும் இடத்தில் போட்டார்கள். வெயில். "குளிருக்குள்ள இருந்து சளி புடிச்சது, இனி அது இல்ல" என்று சிரித்துக்கொண்டு போனீர்கள். மகள் பெரிய பள்ளிக்குப் போகும்வரை அந்த வெயிலில் நின்றீர்கள்.

பிறகு, நம் ஊர் ஆஸ்பத்திரி வார்ட்டில் நீங்கள் கிடந்த நாட்களில், அங்கிருந்த இளம் டொக்டருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் மிஞ்சியது இங்கிலீசுதான். மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்து, கண் மூடிக் கிடந்தீர்கள். நாங்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இரவு தூங்கினாரா என்று டொக்டர் என்னிடம் கேட்டார்.

"நோ டொக்டர். ஹி டிட் நொட் ஸ்லெப்ட்."

கண்ணைத் திறக்காமலே நீங்கள் சொன்னீர்கள்: "ஸ்லீப்."

டொக்டர் சிரித்துவிட்டார். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே போய், தண்ணீர்க் குழாயடியில் நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நீங்கள் மௌத்தானீர்கள். மய்யித்து வீட்டுக்கு வந்தவர்கள், கடைசியாக என்ன கதைத்தார் என்று கேட்டார்கள். கலிமா சொன்னார் என்றேன். அது உண்மை. மகளைக் கேட்டார், தண்ணீர் கேட்டார் என்றும் சொன்னேன். அதுவும் உண்மை.

என்னைத் திருத்திய அந்த ஒரு சொல்லை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.