நான் தூங்கும்போது நீங்கள் சொன்னது

நான் தூங்குவதற்காக விழித்திருந்த வீரையன் அண்ணனுக்கு,

நீங்கள் எந்த ஊரில் இறந்தீர்கள், அண்ணே? முதலில் இதைக் கேட்டுவிடுகிறேன். எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். நெல்லூர் ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், ஊரில் உங்களைக் குளிப்பாட்ட வந்தவர்கள் கேட்டார்கள். ஒருவரிடம் ஓங்கோல் என்றேன், இன்னொருவரிடம் காவலி என்றேன். உங்கள் வீட்டுக்காரி பட்டம்மாளிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

விஜயவாடாவில் விடியும்போது ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தீர்கள். "பின்னால எடப்பக்கம் காத்து கம்மியா இருக்கு தம்பி, பாத்து ஓட்டு" என்றீர்கள். சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகையில் ஏறிப் படுத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டீர்கள். வண்டியில் நாக்பூர் ஆரஞ்சு லோடு. கேபின் முழுக்க அந்த வாசம்தான்.

ஓங்கோலில் உங்கள் முறை. நீங்கள் எழவில்லை. முந்தின நாள் பூராவும் மழையில் ஓட்டியிருந்தீர்கள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன். தூங்குகிறவனை எழுப்பக் கூடாது என்பதுதானே நமக்குள் இருந்த ஒரே சட்டம்? பள்ளம் வந்த இடத்திலெல்லாம் உங்கள் தூக்கம் கலையாதபடி மெதுவாக இறக்கி ஏற்றினேன். நெல்லூருக்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்தி, இரண்டு டீ சொல்லிவிட்டு வந்து, வழக்கம்போல உங்கள் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினேன். விரல் சில்லென்று இருந்தது.

எங்கே வரைக்கும் நான் உங்களோடு வந்தேன், எங்கிருந்து தனியாக வந்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கேபினுக்குள் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அண்ணே.

லாரிக்கு இரண்டு டிரைவர் என்றால் பேச்சுத்துணை இருக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். என் மனைவிகூட, "ஒங்களுக்கென்ன, ரெண்டு பேரும் ஜாலியா கத பேசிக்கிட்டுப் போவீங்க" என்பாள். நாம் எப்போது பேசினோம்? நீங்கள் ஓட்டினால் நான் தூங்க வேண்டும், நான் ஓட்டினால் நீங்கள் தூங்க வேண்டும். வண்டி நிற்கக் கூடாது, கிளீனர் வைக்க முதலாளிக்கு மனம் வராது. கைமாற்றும்போது டயர், டீசல், அடுத்த செக்போஸ்ட்டில் யார் நிற்பான் என்று நாலு வார்த்தை. அதற்குள் ஒருவர் பலகையில் ஏறியாகிவிடும்.

அதனால் உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விசித்திரமான விஷயங்கள். மேட்டில் நீங்கள் கியர் மாற்றுகிற சத்தத்தைத் தூக்கத்திலேயே கண்டுபிடிப்பேன். எந்த ஊர் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரியும். உங்களுக்கு எதன்மேல் ஆசை, யார்மேல் கோபம் என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான்.

இதை நாலு பேர் படிக்கப்போகிறார்கள், அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாயவரத்தை அடுத்த குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர்தான் நமக்கு. ஆனால் ஊருக்குள் நான் உங்களை வீரையா என்றேன், நீங்கள் என்னைச் சின்னய்யா என்றீர்கள். கொள்ளிடம் பாலம் தாண்டி வண்டி சிதம்பரத்துப் பக்கம் இறங்கியதும் நான் அண்ணே என்பேன், நீங்கள் தம்பி என்பீர்கள். திரும்பி வரும்போது பாலம் வந்ததும் இரண்டு பேரும் பழைய பேச்சுக்கு மாறிவிடுவோம். யார் ஆரம்பித்தது, ஏன் அந்தப் பாலம் என்றெல்லாம் நாம் பேசியதே இல்லை. உங்களை அதே வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த அன்று பாலத்தில் ஏறும்போது உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கூலிச் சண்டை நடந்த வருஷத்தைப் பற்றியும் நாம் பேசவில்லை. உங்கள் தெரு செங்கொடியை வயலில் நட்டு, கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று நின்றது. என் கூடப்பிறந்த அண்ணன் ராமலிங்கம் மிராசுதார்களோடு சேர்ந்து வெளியூர் ஆட்களை இறக்கினான். அந்த அறுவடைக்குப் பிறகுதான் நீங்கள் மாயவரம் லாரி ஷெட்டுக்கு மூட்டை தூக்கப் போனீர்கள். நான் போனதற்குக் காரணம் வேறு, எங்கள் நிலம் இரண்டு ஆணுக்குப் போதாது. எதிரெதிரே நின்ற இரண்டு வீட்டு ஆட்கள் ஒரே தலையணையில் மாறி மாறித் தலை வைத்துப் படுத்தோம். உங்களுக்கு அது வேடிக்கையாகப் படவில்லையா? எனக்குப் பட்டது, ஆனால் அப்போதெல்லாம் நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலத்தில் இப்போது பெரிய குழப்பம்.

பண்ணையாரிடமிருந்து உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்து, உங்கள் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்தார்களே, அந்தத் துண்டுதான். பட்டா கொடுக்கிற அன்று பந்தலும் மைக்கும் மந்திரியும் அமர்க்களமாக இருந்ததாம். உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது நாம் நாக்பூரில் லோடுக்குக் காத்துக்கிடந்தோம். பட்டம்மாள்தான் மேடையேறி வாங்கினார். அன்றிலிருந்து அந்த நிலத்தில் சேறு மிதித்ததும் அவர்தான், உங்கள் கால் பட்டது குறைவு.

அந்தத் துண்டு ராமலிங்கத்தின் வயலை ஒட்டியிருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் வாய்க்கால்வரை ஒரே சதுரமாகிவிடும் என்று அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். சர்க்கார் கொடுத்த நிலத்தை விற்கக் கூடாது, பட்டா மாறாது. ஆனால் வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு ஆண்டு அனுபவிப்பது நம் பக்கம் நடக்காத காரியமா? மேலே ஆட்சி மாறினாலும் கீழே இது மாறவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். நீங்கள் இறப்பதற்குக் கொஞ்சம் முந்தின லோடு நடையில், ஹைதராபாத் தாண்டி, நல்ல மத்தியான வெயில். நீங்கள் ஓட்ட, நான் பலகையில் படுத்திருந்தேன். உங்கள் குரல் கேட்டது. "அந்த நெலத்தக் குடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி. ஒங்க அண்ணனே கேக்குறாரு. பட்டம்மாவுக்கும் முடியல." நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன்? எழுந்து உட்கார்ந்தபோது நீங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நிமிஷம் படுக்கப் போய்விட்டீர்கள்.

நிஜமாகச் சொன்னீர்களா, அண்ணே? இல்லை, கனவா? கனவென்றால் அது யாருடைய கனவு? என் வீட்டுச் சோற்றில் வளர்ந்த உடம்பு, என் அண்ணனின் ஆசையைத்தான் உங்கள் குரலில் கண்டதோ?

நிஜமாகவே சொல்லியிருந்தாலும் அதற்கு என்ன மதிப்பு என்று இன்னொரு குழப்பம். ஸ்டியரிங்கில் கண் சொக்கினால் நாம் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவோம். ஒரு தரம் நான், ரயில் கொள்ளையில் எனக்கும் பங்கு உண்டு என்று கூவிக்கொண்டே ஓட்டினேன். நீங்கள் ஒரு தரம் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்து, சீர்வரிசைவரை பேசி முடித்தீர்கள். தூக்கத்தை விரட்டப் பேசுகிற பேச்சை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் போலத்தான் நிலத்தையும் விற்றீர்களா?

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஒருநாள் சாப்பிடும்போது ராமலிங்கம், "வீரையன் அந்த நெலத்தப் பத்தி ஓங்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டான். வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லித் தொலைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பறம் என்னடா? போயி அந்தப் பொம்பளகிட்ட சொல்லு. கூட வண்டி ஓட்டுனவன் சொன்னா நம்புவா."

"தூக்கத்துல கேட்டதுண்ணே. நெசமான்னு எனக்கே தெரியல."

"தூக்கத்துல கேட்டாலும் காதுலதான கேட்ட? பொய்யா சொல்லப்போற?"

என் ஒரு வாக்கியத்தில் நிலம் கைமாறிவிடும் என்பது எனக்குப் புரிந்தது. சொன்னால் என் வீட்டுக்கு ஆதாயம். சொல்லாவிட்டால், ஒருவேளை நிஜமாகவே நீங்கள் சொன்னதை மறைத்தவன் ஆவேன். அடுத்த நடை முழுக்க இதே நினைப்பு. புது டிரைவர் திருவாரூர்ப் பக்கத்துப் பையன், தங்கமாக ஓட்டுகிறான், ஆனாலும் எனக்குப் பலகையில் கண் மூடவில்லை. அவன் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் நானும் வெறுங்காலால் பலகையை அழுத்துகிறேன். "என்ன மாமா, ஏ மேல நம்பிக்கை இல்லியா?" என்று அவன் சிரிக்கிறான். அவனுக்கு என்னவென்று சொல்ல?

ஊருக்குத் திரும்பியதும் பட்டம்மாளே ஆள் அனுப்பியிருந்தார், போனேன். வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு முடிந்த சமயம். வயலில் குனிந்து, கரைந்துபோன நாற்றுக் குத்துகளுக்குப் பதில் புது நாற்றுச் செருகிக்கொண்டிருந்தார். பக்கத்து வயலில் ராமலிங்கம் மடையைப் பார்ப்பதுபோல நின்றான். அவன் எதைப் பார்க்க வந்தான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"சின்னய்யா, ஒண்ணு கேக்கணும். ஒங்க வூட்டுப் பெரியய்யா ஆள் வுட்டுக்கிட்டே இருக்காரு. எங்க வூட்டுக்காரரு இந்த நெலத்தப் பத்தி ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா? இத்தினி வருசம் கூடவே இருந்தவங்க நீங்கதான்."

சொல்லவா, வேண்டாமா என்று கடைசி நிமிஷம்வரை முடிவு செய்யவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் குரல், என் தூக்கம், வாய்க்கு வந்ததைப் பேசுகிற பழக்கம், என் சந்தேகம், எதையும் விடவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியல அண்ணி. கூட இருந்தேன், ஆனா தூங்கிக்கிட்டிருந்தேன்" என்றேன். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம், பட்டப்பகலில், ராமலிங்கத்தின் காது கேட்க அண்ணி என்றது எனக்கே பிறகுதான் உறைத்தது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், அண்ணே.

"எனக்கு மட்டும் என்னா வாழ்ந்துச்சு? வூட்டுக்கு வந்தாருன்னா குளிப்பாரு, திம்பாரு, படுப்பாரு. புள்ளைங்கள சத்தம் போடாதீங்கன்னு வெரட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன். எந்திரிச்சதும் வண்டி வந்து நிக்கும். நீங்க பாத்ததும் தூங்குன ஆளத்தான், நான் பாத்ததும் தூங்குன ஆளத்தான்."

அப்படியென்றால் விழித்திருந்த உங்களை யார்தான் பார்த்தோம்? சாலையோரத்து மரங்களா? நீங்கள் எவ்வளவு தனியாக இருந்திருக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்பதும்.

அவர் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சிரிப்பு போய்விட்டது.

"அவரு குடுத்துடச் சொன்னாருன்னே வச்சுக்குவோம். செத்தவரு என்னா நெனச்சாரு, என்னா நெனச்சாருன்னு ஊரே கேக்குது. பட்டா வாங்குனது இந்தக் கை, நட்டது இந்தக் கை. நான் என்னா நெனக்கிறேன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்டேன். "நீங்க என்ன நெனக்கிறீங்க அண்ணி?"

"குடுக்க மாட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பக்கத்து வயலைப் பார்த்துச் சொன்னார். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தார்.

ராமலிங்கம் இப்போது என்னோடு பேசுவதில்லை. அண்ணி சொன்னது தன் காதில் விழவேயில்லை என்று சாதிக்கிறான். அந்தம்மாள் சம்மதித்துவிட்டதாகவும், நானே நடுவிலிருந்து பேசி முடித்ததாகவும் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதாமல் ஊரறிய எழுதுகிறேன். நடை முடிந்து நான் திரும்புவதற்குள் ஒரு வெள்ளைத்தாள் முளைத்துவிடக் கூடாது.

நீங்கள் எந்த ஊரில் இறந்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை, இனியும் தெரியப்போவதில்லை. ஹைதராபாத் வெயிலில் நீங்கள் பேசினீர்களா என்பதும் அப்படியே. உங்கள் மனதில் என்ன இருந்ததோ, அதற்கு மாறாக நான் நடந்துகொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணே.

ஒன்றை மட்டும் உங்களுக்கு வாக்காகத் தருகிறேன். தாலுகா ஆபீசிலோ பஞ்சாயத்திலோ அந்த நிலத்தைப் பற்றி யார் எப்போது கேட்டாலும், வண்டி எந்த ஊரில் நின்றாலும், சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறி வருவேன். என் கூடப்பிறந்தவன் எதிரே நின்றாலும், குடுக்க மாட்டேன் என்று அண்ணி சொன்னதைச் சொல்வேன். அதைக் கேட்டபோது நான் விழித்திருந்தேன்.

உங்கள் தம்பி,
சாமிநாதன்