குதிரைக்கு ஓதின தண்ணீர்

கண்டக்குழி,
13.09.2012, வியாழன்.

அன்பின் மச்சான் றஸீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அல்லாஹ் எந்தக் குறையுமில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன். இங்கே நானும் உங்கள் உம்மாவும் மகள் அஸ்னாவும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். 'இருக்கிறோம்' என்பதோடு கை நின்றுவிட்டது. மிச்சத்தை நீங்களே சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீங்கள் எடுக்கிற போன் முதலில் மாமியின் கைக்குப் போகும், பிறகு அஸ்னாவிடம் போகும். என் கைக்கு வரும்போது உங்கள் போன் காட் முடியப்போகும், அல்லது உங்கள் அறையில் இருக்கிற ஆட்களில் ஒருவர் பெரிதாக இருமுவார். "என்ன புதினம்?" என்று நீங்கள் கேட்பீர்கள், "ஒண்டுமில்ல" என்று நான் சொல்வேன். ஒன்றுமில்லாமல் ஒரு வீடு நடக்குமா? உங்கள் கொம்பனி அத்தாஉல்லா நாநா லீவு முடிந்து சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கருவாடு கொடுத்துவிடும்போது இதையும் கொடுக்கலாம் என்று லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன்.

மாமியின் கால் புண் காய்கிற மாதிரிக் காய்ந்து மறுபடியும் வாய் திறந்துவிட்டது. புத்தளத்துக்குக் கிளினிக் போய் வந்தால் அந்தப் பகல் அதோடு முடிந்தது. சீனி கூடியிருக்கிறது என்று டொக்டர் ஏசுகிறார். பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன் என்று மாமி அவரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார். கருப்பட்டி சீனி இல்லையாம். உங்கள் உம்மாவோடு சண்டை பிடிக்க எனக்கு இப்போது தெம்பில்லை, நீங்கள் வந்து பிடியுங்கள்.

நான் இன்னாசித்தம்பி அண்ணனின் வாடிக்குக் கருவாட்டு வேலைக்குப் போய்வருகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். மீன் வெட்டி உப்புப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. அதைச் சொல்ல வரவில்லை. அண்ணன் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். நீங்கள் போன காலத்தில் கடலுக்கு இறங்க நேவியிடம் பாஸ் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், அதிலும் நேரக் கணக்கு. சண்டை முடிந்து அதெல்லாம் போய்விட்டது. இப்போது வெள்ளைக்காரர்கள் டொல்பின் டொல்பின் என்று நம் ஓங்கில் மீனைப் பார்க்க வருகிறார்கள். கரையில் லொட்ஜுக்கு மேல் லொட்ஜ் கட்டுகிறார்கள். அண்ணன் இரண்டாவது போட் இறக்கப் போகிறார். அதை ஓட்ட உங்களைத்தான் நினைத்திருக்கிறாராம். "றஸீனுக்கு நீரோட்டம் தெரியும், வேற ஆளுட கையில குடுக்க மனமில்ல" என்றார். சீசன் நவம்பரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு பதில் கேட்கிறார்.

இனி அஸ்னாவின் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நோன்புப் பெருநாள் லீவில் அடுத்த வீட்டு றிஸ்லாவின் டீவியில் எல்லோரும் ஒரு படம் பார்த்தோம். சிங்களத்தில் பேசினார்கள். ஒரு நூதனசாலை. ஆட்கள் போய்க் கதவைப் பூட்டியதும் உள்ளே இருக்கிற சிலைகளும் பாடம் செய்து வைத்த மிருகங்களும் உயிர் வந்து எழும்பிவிடுகின்றன. காவல்காரன் ஒருவன், பாவம், வாசலைத் தாண்ட விடாமல் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். ஒரு கல் யானை அவன் சோற்றுப் பெட்டியைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறது. மாமி கால் வலியை மறந்து சிரித்தார். நானும் சிரித்தேன், வெகு நாளைக்குப் பிறகு. அஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள், முடிந்ததும் என் காதுக்குள் வந்து, "எங்கட வாப்பாவும் இந்த வேலதானே?" என்று கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை உங்களிடம் அவள் கேட்டதும் நீங்கள் சொன்னதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஓம் மகள், எழும்பும், கவசம் போட்ட குதிரை முதலில் எழும்பும், வாப்பாதான் அதற்குப் புல் போடுகிறேன் என்று சொன்னீர்கள். அதற்கடுத்த கிழமை வெண்கல மான் தண்ணீர் கேட்டு அழுதது. பிறகு வல்லூறு உங்கள் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பறந்தது. முந்தி நீங்கள் அனுப்பிய படங்களில் இருக்கிற அத்தனையும் இப்போது அவளுக்குப் பழக்கமான ஆட்கள். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஜும்ஆ எப்போது முடியும் என்று படலையடியில் நிற்கிறாள். வாப்பா என்பவர் அவளுக்கு ஒரு குரல், மச்சான். அந்தக் குரலில் நல்ல கதை வருகிறது என்று நானும் பேசாமல் இருந்தேன்.

போன கிழமை மத்ரஸாவில் செய்னுலாப்தீன் ஹஸரத் பிள்ளைகளுக்கு உருவம் செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மறுமை நாளில் அவர்களைக் கூப்பிட்டு, நீ செய்த உருவத்துக்கு நீயே உயிர் கொடு என்று சொல்லப்படும், அவர்களால் முடியாது என்று. உங்கள் மகள் எழும்பி நின்று, "இல்ல ஹஸரத், எங்கட வாப்பாட எடத்துல எப்பவோ உசிர் வந்துட்டு. வாப்பா புல்லும் போடுறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் புல் எங்கே வாங்குவது, குதிரை சாணி போடுமா என்று கேட்டு அன்றைக்கு ஓதலே நடக்கவில்லையாம். ஹஸரத் எனக்கு ஆள் அனுப்பினார். சிலை இருக்கிற இடத்தில் என்ன வேலை, அந்தச் சம்பளம் மார்க்கத்தில் கூடுமா, பிள்ளைக்கு ஏன் இப்படிப் பொய் பழக்குகிறீர்கள் என்று கேட்டார். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். வாடியிலிருந்து நேரே போனதால் மேலெல்லாம் மீன் நாற்றம். காவல் வேலைதான் ஹஸரத், போன ஆட்கள் மூட்டையும் சுமக்கிறார்கள், சிலையும் காக்கிறார்கள், எல்லாம் பசிக்குத்தானே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுகூடப் பெரிதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்கள், போன வெள்ளிக்கிழமை கொம்பனி லீவு தருமோ தெரியாது, இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், யோசிக்கிறேன் என்றீர்கள். போனை வைத்த பிறகு என் மனம் கேட்கவில்லை. அஸ்னாவைக் கூப்பிட்டு, வாப்பா எப்படியும் பெருநாளைக்கு வருவார் என்று சொன்னேன். அவள் துள்ளுவாள் என்றுதான் சொன்னேன். அவள் அழுதாள். "வாப்பா வந்தா குதிரைய ஆர் பாக்குற? எல்லாம் ரோட்டுக்குப் போயிருமே. வர வேணாமுண்டு செல்லுங்க உம்மா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாமி சிரித்தார். நான் போய்க் கிணற்றடியில் பாத்திரம் கழுவினேன், ஏற்கனவே கழுவியவற்றையும் கழுவினேன். நீங்கள் வராமல் இருப்பதற்கு நாம் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல காரணம் கொடுத்துவிட்டோம். எனக்கு அந்த மாதிரி ஒரு காரணம் யாரும் கொடுக்கவில்லை.

அஸர் பாங்கு சொல்கிறது. நிறுத்துகிறேன்.

20.09.2012, வியாழன்.

மச்சான், அத்தாஉல்லா நாநாவின் டிக்கட் ஒரு கிழமை தள்ளிப் போய்விட்டது. கருவாடும் கடிதமும் இங்கேதான் கிடந்தன. அதற்குள் நடந்ததையும் எழுதுகிறேன்.

போன வருசம் அஸ்னாவை நாய் துரத்திப் பயந்து காய்ச்சல் வந்தது உங்களுக்குச் சொன்னேனே. அப்போது மாமி ஹஸரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துத்தான் அவள் கண்ணை மூடித் தூங்கினாள். அது அவள் மனதில் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை குசினியில் இருந்த சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மத்ரஸாவுக்குப் போயிருக்கிறாள். ஹஸரத்தின் முன்னால் போத்தலை வைத்து, ஓதித் தாருங்கள் என்றிருக்கிறாள். யாருக்குச் சுகமில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். "சுகமில்லாம இல்ல. குதிரைக்கும் மானுக்கும் வல்லூறுக்கும். அதுகள் தூங்கிட்டா எங்கட வாப்பா வரலாம்" என்று சொன்னாளாம்.

அன்று பின்னேரம் ஹஸரத் தானே நம் வீட்டுப் படலைக்கு வந்தார். மறுபடியும் ஏச்சு வாங்க எனக்குத் தெம்பில்லை. அவர் மாமியின் கையில் போத்தலைக் கொடுத்தார். குதிரைக்கு ஓத எனக்குத் தெரியாது, தூரத்தில் இருக்கிறவர் சுகமாக வீடு வந்து சேர ஓதியிருக்கிறேன், பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னார். அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்கு மாப் கேட்டார். அவருடைய மகனும் வெளிநாட்டில்தான், சவூதியில், என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

இன்றைக்குக் காலையில் அத்தாஉல்லா நாநா பார்சல் எடுக்க வந்தார். தண்ணீர்ப் போத்தலைக் கண்டதும் முறைத்தார். உடுப்புப் பெட்டிக்குள் ஒழுகினால் என்ன செய்வது என்றார். நான் துணியால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தேன். சுற்றும்போது அவர் பேச்சுவாக்கில், "தங்கச்சி, தலைக்குக் கட்ட நல்ல பருத்தித் துணி ஒண்டும் வையுங்க. அந்தக் கார் நிப்பாட்டுற எடத்துல பேருக்கும் நெழலில்ல. நோன்புக்கு முன்னுக்கு மாத்தினாங்க, மனுசன் கருவாடாப் போயிட்டாரு" என்றார். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. நான், ஓம் நாநா, அவர் சொன்னார்தான் என்றேன். நல்ல பருத்தித் துணியாகத் தேடி எடுத்துக்கொடுத்தேன். என் வெள்ளைத் தாவணியில் பாதி அது. கடிதத்தை மட்டும் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அவர் போன பிறகு நாட்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நோன்புக்கு முன் என்றால், அஸ்னா முதன்முதலாகக் குதிரையைப் பற்றிக் கேட்ட வெள்ளிக்கிழமை நீங்கள் அந்த நூதனசாலைக்குள் இல்லை. வெயிலில் நின்று நின்று கறுத்துப்போய், அறைக்கு வந்து, பிள்ளைக்குக் குதிரைக் கதை சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஏன் எனக்கு மறைக்க வேண்டும், நான் என்ன வேறு ஆளா? பிறகு கோபம் போய், அந்த மானுக்குத் தண்ணீர் தாகம் எங்கிருந்து வந்தது என்று விளங்கியபோது அழுதேன்.

உங்களிடம் எதையும் கேட்கப் போவதில்லை. ஏசவும் போவதில்லை. நானும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒண்டுமில்ல என்றுதானே சொன்னேன். இன்னாசித்தம்பி அண்ணனிடம் மட்டும், என் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன், போட்டை வேறு ஆளுக்குப் பேச வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் பேசியதற்குக் கோபிக்க வேண்டுமென்றால் வந்து கோபியுங்கள்.

பார்சலில் பாரைக் கருவாடும் கட்டாக் கருவாடும் இருக்கின்றன, அறை ஆட்களுக்கும் கொடுங்கள். போத்தலுக்கு அஸ்னாவின் உத்தரவு இது: முதலில் குதிரையின் நெற்றியில் தெளிக்க வேண்டும், பிறகு மானுக்கு, வல்லூறுக்குக் கடைசியில், அது பறந்துவிடுமாம். ஆயத்துல் குர்ஸி ஓத வேண்டும். எல்லாம் தூங்கியதும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திப் பூட்டி, திறப்பை அடுத்த காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை போனில், எல்லாம் தூங்கிவிட்டது மகள் என்று அவளிடம் சொல்லுங்கள். அந்தப் பொய்யை மட்டும் எனக்காகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தெளிப்பதற்கு அங்கே குதிரை இல்லையென்றால் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம், மச்சான். பகலில் நிற்கும்போது துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பிஸ்மி சொல்லி நீங்களே குடியுங்கள். வீடு வந்து சேர ஓதின தண்ணீர் அது. குடித்தால் வந்துவிட வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நிழல் தரட்டும். வஸ்ஸலாம்.

உங்கள்,
சுல்பா.