பயணியை விட்டுவிட்டு வழியனுப்பப் போனோம்

ம்பிஜி,
செவ்வாய் மாலை

என் செல்ல மகள் நசூனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், உன் பெரேசி அத்தையின் வாயும் சுகம். பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். நம் சபையைச் சேர்ந்த நந்தோங்கோ நாளை உங்கள் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் உன் அப்பா உன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, தான் விமானம் ஏறிய கதையைச் சொல்லி முடித்திருப்பார். அதில் பாதியை நம்பாதே. மீதியை அவர் சொல்லியே இருக்க மாட்டார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. அதிகாலை விமானத்துக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வழியில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது, போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது, மழை வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் சேர்த்து, கடைசியில் முந்தின நாள் மத்தியானமே புறப்பட்டுவிடலாம் என்ற இடத்தில் உன் அப்பா வந்து நின்றார். அப்படியானால் உங்கள் வெல்டிங் பட்டறையையும் அங்கேயே போட்டுவிடுங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். பட்டறை நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பில் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக ஒரு வாரம் பழகினார். சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையில் காப்பிக்கொட்டை நிறுக்கும் தராசில் தொங்கவிட்டார், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. உனக்காக அத்தை வறுத்துக் கட்டிய வெட்டுக்கிளிப் பொட்டலம் அதற்குள்தான் இருக்கிறது, வந்ததும் ஒரு தரம் சூடு காட்டிவிட்டுச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு என்னவென்று சொல்லாமல் முதலில் ஒரு பிடி கொடுத்துப் பார். எல்லாவற்றுக்கும் தயாரான உன் அப்பாவால் விமானத்துக் கழிப்பறையை மட்டும் நம்ப முடியவில்லை. "யோசிச்சுப் பாரு நசூனா அம்மா, கீழ ஊரு இருக்கு, ஜனங்க நடமாடுறாங்க" என்று சங்கடப்பட்டார். எவ்வளவு விளக்கியும் கேட்கவில்லை. முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் கணக்காகத்தான் குடித்தார். எல்லாக் கூத்துக்கும் இந்தப் பயம்தான் காரணம்.

எங்கள் இருவரில் ஒருவர்தான் வர முடியும் என்றானபோது அவரே போகட்டும் என்று சொன்னது நான்தான், உனக்குத் தெரியும். போன வருஷம் இங்கே உன் குவஞ்சுலா நிச்சயச் சடங்கு நடந்தபோது பந்தலில் ராணி மாதிரி உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தவள் நான், அந்த மனிதர் பகல் முழுக்க ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை உன் தேவாலயக் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்தப் பத்தடியாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். இந்த விமானத்தை விட்டால் சனிக்கிழமைக்குள் வந்து சேர வேறு எதிலும் இடமே இல்லை என்று டிக்கெட் கொடுத்த பெண் அடித்துச் சொல்லியிருந்தாள்.

வழியனுப்ப ஆள் இல்லாமல் கிளம்புகிறவனை நம் ஊரில் அநாதை என்பார்களே, அந்தப் பெயர் வந்துவிடக் கூடாது என்று அத்தை பாதிச் சபையையே திரட்டிவிட்டாள். இருட்டோடு எல்லாரும் வந்து நின்றார்கள். முன்னால் உன் லமேக்கா சித்தப்பாவின் கார், பின்னால் வாடகைக்குப் பிடித்த வேன். வாசலில் நின்று நீளமாக ஒரு ஜெபம், அதற்குப் பிறகு ஒரு பாட்டு, பாட்டு முடிந்ததும் எல்லாரும் முண்டியடித்து ஏறினோம். மரியாதைக்குரிய பயணி தம்பியோடு காரில் போகிறார் என்று நான் நினைத்தேன், அண்ணன் பெட்டியும் பெண்டாட்டியும் இருக்கிற வேனில் போகிறார் என்று லமேக்கா நினைத்தான். அவன் பொறுப்பாக நம் கேட்டை வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரைக் கிளப்பினான். உன் அப்பா அந்த நேரத்தில் நம்பகமான கழிப்பறைக்குக் கடைசியாக ஒரு தரம் போய்விட்டு வரலாம் என்று கொல்லைப்பக்கம் போயிருந்தார்.

நாங்கள் பாடிக்கொண்டே போனோம். கசாஞ்சே தாண்டியதும், பயணத்துக்காகப் பயணியே ஒரு வார்த்தை நன்றி ஜெபம் சொல்லட்டும், காரை நிறுத்தச் சொல் என்று அத்தை தன் போனில் லமேக்காவை அழைத்தாள். "அண்ணன் உங்களோடதானே இருக்கார்?" என்று அவன் கேட்டான். வேனில் பாட்டு அப்படியே நின்றுவிட்டது. என் மடியில் அவருடைய கோட்டு, கோட்டுப் பையில் அவருடைய போன், பாஸ்போர்ட், டிக்கெட். ஆள் மட்டும் இல்லை.

காரைத் திருப்புகிறேன் என்றான் லமேக்கா. அத்தை கத்த ஆரம்பித்துவிட்டாள். "கிளம்பின பயணத்துல பாதியில திரும்பினா கெட்ட நேரம், கிசிரானி பிடிக்கும்டா, பிளேனே விழுந்துடும்!" என்று ஒரே புலம்பல். நான் நாத்தனாரிடம் குரல் உயர்த்தாதவள் என்று உனக்குத் தெரியும். அன்று உயர்த்தினேன். "பயணம் போறவரு இன்னும் வீட்டு வாசலையே தாண்டல, அப்புறம் எங்கேயிருந்து வரும் உங்க கிசிரானி? ஊர் சுத்தக் கிளம்பினது நாமதான்" என்றேன். வேன் டிரைவர் சிரித்துவிட்டார். லமேக்கா சாவியோடு திரும்பிப் பறந்தான், நாங்கள் சாலையோரம் இறங்கி மூடுபனியில் காத்து நின்றோம். அப்போது ஒரு பால்கார மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டிப் பாய்ந்து போனது. பின்னால் வெள்ளை அங்கியில் ஒருவர் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார். யாரோ போதகர் காலை ஆராதனைக்குப் போகிறார் போல, பாவம், என்ன பக்தி என்று அத்தை உச்சுக்கொட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் லமேக்கா அழைத்தான். கேட்டை அறுத்துப் போட்டிருக்கிறார்கள், திருடன் புகுந்துவிட்டான், அண்ணனைக் காணவில்லை என்றான். நசூனா, நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இதை எப்படிச் சொல்வேன் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அக்கம்பக்கத்தார் யாராவது என்னை அழைத்திருப்பார்களோ என்று பெட்டிகளுக்கு அடியில் கிடந்த என் கைப்பையைத் தோண்டி எடுத்தால், தெரியாத எண் ஒன்றிலிருந்து எத்தனையோ அழைப்புகள், எங்கள் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உடனே அந்த எண்ணை அழைத்தேன். "எங்கேடி போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? ஏர்போர்ட் வாசல்ல ஒண்டியா நிக்கிறேன், பிளேன் என்ன எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று பால்காரர் போனிலிருந்து உன் அப்பா திட்டினார். அவ்வளவு இனிமையான திட்டை என் கல்யாண வாழ்க்கையில் நான் கேட்டதில்லை. அந்தப் போதகர் யார் என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு டிரைவர் ஓட்டிய ஓட்டத்தை எழுதினால் உனக்கு இப்போது பயம் வரும். போய்ச் சேர்ந்தபோது அவர் போட்டிருந்த கன்சு அங்கி முழுக்கப் பால் சிந்தி, பக்கத்தில் நம் பால்காரர் கன்யெசிஜே ஒரு காலிக் கேனோடு காவல் நின்றார். கோட்டை மாட்டிவிட்டு, பாஸ்போர்ட்டைக் கையில் திணித்து, சூட்கேசோடு தள்ளாத குறையாக உள்ளே அனுப்பினோம். வரிசையில் கடைசி ஆள் அவர்தான். கண்ணாடிக்கு வெளியே எல்லாரும் ஒட்டி நின்று பாட ஆரம்பித்தோம், காவலர் அதட்டினார், அத்தை அவரையும் பாடச் சொன்னாள். உன் அப்பா திரும்பிப் பார்த்துக் கையசைத்தார், நானும் அசைத்தேன். விமானம் ஏரிக்கு மேலே எழும்பிப் போவதைப் பார்த்தபோது சின்னப் பெண் மாதிரி கைதட்டிவிட்டேன். அத்தையும் நானும் அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம், கிசிரானி எல்லாம் ஓடிவிட்டது.

உன் அப்பா உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். கோட்டை மாட்டிவிட்டபோதே அவருடைய வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தேன், பால் கேன் விளிம்பு கீறிவிட்டது என்றுதான் சொன்னார். விமானம் போன பிறகு கன்யெசிஜேவைக் குடைந்து குடைந்து கேட்டேன். அவர் பால் ஊற்ற வந்தபோது உள்ளிருந்து கதறல் கேட்டதாம். திருடன் எவனும் தாண்ட முடியாது என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாரே, மேலே ஈட்டிமுனை வைத்த அந்தக் கேட், அதற்குள் செய்தவரே அகப்பட்டுக்கொண்டார். மதில் மேல் கண்ணாடிச்சில் பதித்ததும் அவரேதான். கரண்ட் இல்லை, அறுக்கும் மெஷின் ஓடாது. கையால் இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்து தாழ்ப்பாளை அறுக்க ஆரம்பித்தாராம். பாதியில் பிளேடு உடைந்து கையைக் கிழித்துவிட்டது. அடுத்த பிளேடை மாட்டிக்கொண்டு அதே கையால் அறுத்தாராம். இவ்வளவு நல்ல கேட்டை நாசம் பண்ணுகிறீர்களே என்று கன்யெசிஜே மனசு கேட்காமல் சொன்னதற்கு, "கேட்டு இன்னொண்ணு செஞ்சுக்கலாம்யா, இந்தச் சனிக்கிழமையை எந்தப் பட்டறையில போய்ச் செய்யறது?" என்றாராம். பால் கேன்களுக்கு நடுவே தன்னை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று உன் அப்பா தயங்கிக் கேட்டபோது, "கன்னுக்குட்டியையே ஏத்திட்டுப் போயிருக்கேன், நீங்க ஏறுங்க" என்று சொல்லிக் கன்யெசிஜே அழைத்துப் போயிருக்கிறார். அந்த நல்ல மனிதருக்காக நீயும் ஜெபம் செய்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் நிறைவாக ஆசீர்வதிக்கட்டும், உங்கள் வீட்டில் சிரிப்பு குறையாமல் இருக்கட்டும். அத்தையும் லமேக்கா சித்தப்பாவும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள். அப்பாவை ஒரு மருத்துவரிடம் காட்டிக் கையில் மருந்து போடு, வலிக்கவில்லை என்றுதான் சொல்வார், விடாதே. சனிக்கிழமை அவர் வழக்கப்படி வலது கையைத்தான் நீட்டுவார், நீ பேசாமல் அவருக்கு இடப்பக்கம் போய் நின்று இடது கையைப் பிடித்துக்கொள். மெதுவாக நட, மகளே. அவர் அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அதற்கப்புறம் எதுவும் இல்லை.

என்றும் உன் நலம் வேண்டும்,
உன் அம்மா
எசெரி