சனிக்கிழமைக்கு ஒரு வரி

ஜனவரி 8, ஞாயிறு

வின்னிபெக் உறைந்து கிடக்கிறது. நான் பாதை சொல்லி அனுப்பும் லாரி ஓட்டுநர்கள் காலையிலிருந்து போனில் என்னைத் திட்டுகிறார்கள், இந்தக் குளிரை நான்தான் அனுப்பி வைத்ததுபோல.

மாலை ரபி ஸ்டைன்ஹார்ட்டிடம் பாடம். யூத மார்க்கத்தில் சேர வேண்டும் என்று அவர் கதவைத் தட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. சாப்பாடு, ஜெபம், பண்டிகை எல்லாம் பழகிவிட்டது. விளக்குப் போடுவது, எழுதுவது எல்லாம் விலக்கான சனிக்கிழமை ஓய்வுநாளை மட்டும் நான் முழுதாகக் காக்கக் கூடாது. அது இஸ்ரவேல் மக்களுக்குக் கடவுள் கொடுத்த பரிசாம். இன்னும் சேராதவள் கை வைக்கக் கூடாதாம். சனிக்கிழமைதோறும் ஒரு விலக்கையாவது நான் வேண்டுமென்றே மீற வேண்டும். "லைட்டைப் போடு, இல்லாட்டி ரெண்டு எழுத்து எழுது, போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அதனால்தான் இங்கே சனிக்கிழமைகளில் ஒற்றை வரி.

மூன்று ரபிகள் உட்காரும் நீதிமன்றம் மார்ச்சில் என்னை அழைக்கும். அவர்கள் சம்மதித்தால் முடிந்தது. சம்மதிக்காவிட்டால்? தெரியவில்லை.

ஜனவரி 14, சனி

எழுதிவிட்டேன்.

ஜனவரி 15, ஞாயிறு

நேற்று மதியம் பக்கத்து வீட்டு ஃப்ரேடலிடம் சாப்பாடு. என் விரலில் மை! மேசையே பார்த்தது. காதெல்லாம் சுட்டது.

"என்னடி லெஸ்யா, இந்த வாரத்துப் பாவத்தை முடிச்சாச்சா? அப்ப நிம்மதியா சாப்பிடு. நாங்க தெரியாம பண்றோம், நீ நேரம் குறிச்சுப் பண்றே" என்றாள் ஃப்ரேடல்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தோல் சிவக்கும்வரை விரலைத் தேய்த்தேன்.

ஜனவரி 21, சனி

சரி.

ஜனவரி 26, வியாழன்

அப்பா போன். "ஏன் மகளே, நம்ம சர்ச்சுல உனக்கு என்ன குறை? பாட்டு நல்லா இல்லையா?" கேலிதான். ஆனால் அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது என்றேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது? காலையில் ரொட்டிக்கு முன் ஒரு நன்றி, கை கழுவினால் ஒரு நன்றி, இடி இடித்தால் ஒரு நன்றி. முன்பு நாள்கள் என்மேல் ஏறிப் போயின. இப்போது அவற்றை நான் வாழ்கிறேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

நேற்று எழுதவில்லை.

பேனாவைத் தொடவில்லை. லைட்டை, போனை, அடுப்பை, எதையும் தொடவில்லை. எதையும் சுமப்பதும் விலக்கு என்பதால் பையில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் ஜெப ஆலயத்துக்கு நடந்து போய்வந்தேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வயதில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு முழு நாள். யார் பார்த்தார்கள்? யாரும் இல்லை. சொல்லப்போவதும் இல்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

சொல்லிவிட்டேன். எனக்கு எதுதான் மனசில் தங்கியது!

ரபி புத்தகத்தை மூடினார். "நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அதுதாம்மா சிக்கல். உனக்குப் பிடிச்சதைச் செய்யறதுக்கு நாங்க எதுக்கு?"

மார்ச் வேண்டாமாம். ஏப்ரலில் பாஸ்கா பண்டிகை முடியட்டுமாம். நடந்ததை மூன்று பேர் முன்னால் நானே சொல்ல வேண்டுமாம்.

என்ன மனுஷன் இவர்! திருடினேனா? குடிச்சிட்டு ரோட்டுல கிடந்தேனா? ஒரே ஒரு நாள் கடவுளோட சும்மா உக்காந்திருந்தேன். அதுக்குத் தண்டனையா? போங்க, நீங்களும் உங்க சட்டமும் —

பிப்ரவரி 9, வியாழன்

ஒரு ஓட்டுநர் நான் சொன்ன பாதையை விட்டு ஏரிப் பக்கமாகப் போயிருக்கிறான். ஏனடா என்றால், "அந்த ரோடு அழகா இருந்துச்சு மேடம்."

கத்தித் தீர்த்தேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. நானும் அதைத்தானே செய்தேன்?

பிப்ரவரி 11, சனி

கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 18, சனி

இன்றும்.

ஏப்ரல் 14, வெள்ளி

பாஸ்கா முடிந்தது. ஃப்ரேடலுக்குப் பண்டிகைப் பாத்திரங்களைக் கட்டி மேலே ஏற்றிக் கொடுத்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டே புத்தி சொன்னாள்: "கேட்டா உண்மையைச் சொல்லு. கேக்காததை எல்லாம் கொட்டாதே. உனக்கு அந்த வியாதி இருக்கு."

புதன்கிழமை நீதிமன்றம்.

ஏப்ரல் 19, புதன்

மூன்று ரபிகளில் டொரான்டோவிலிருந்து வந்த கிழவர்தான் அதிகம் கேட்டார். கடைசியில்: "எந்தக் கட்டளை உனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சும்மா?"

"சனிக்கிழமை எழுதறது."

"அது கட்டளையே இல்லையே!"

"உங்களுக்கு இல்லைங்க. எனக்கு இருந்துச்சு. ஒரு வாரம் எழுதலை, சந்தோஷமா இருந்தேன். அதுக்கப்புறம் ஒரு வாரமும் விடலை. சந்தோஷமில்லாமத்தான் எழுதினேன்."

ரபி ஸ்டைன்ஹார்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தாழ்வாரத்தில், என்னோடு வந்திருந்த ஃப்ரேடல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டு, சம்மதம் என்றார்கள்.

பிறகு முழுக்குக் குளம்; அதில் முழுதாக முங்கி எழுந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. "ஒரு முடி மேலே தெரியுது, மறுபடி முங்கு!" என்று கரையிலிருந்து ஃப்ரேடல் அதட்டினாள். முங்கினேன். வெளியே வந்ததும் கிழவர் என் புதுப் பெயரைச் சொல்லி "எலிஷேவா" என்று கூப்பிட்டார். வேறு யாரையோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 20, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அடுத்த ஈஸ்டருக்கு முட்டைக்கு வண்ணம் நான் ஒருத்தனே அடிக்கணுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், எங்கள் உணவு விதிப்படி என் பாத்திரத்தோடு வருகிறேன் என்றேன். "எதோட வேணா வா" என்றார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

அப்பா வீட்டுக்குக் கிளம்புமுன் இதை எழுதிவிடுகிறேன்.

நேற்று மதியம் ஒரு வரி தோன்றியது. இத்தனை சனிக்கிழமைகளில் அவ்வளவு நல்ல வரி வந்ததில்லை. இப்போது நான் சேர்ந்தவள், சனிக்கிழமை எழுதக் கூடாதே! மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஃப்ரேடல் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டோம், பாடினோம், திரும்பி வந்து தூங்கினேன். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து, நாள் முடிந்து, பேனாவோடு உட்கார்ந்தால் அந்த வரி போன இடம் தெரியவில்லை. ஒரு சொல்கூட நினைவில்லை.

நேற்றைய தேதிக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!