படுத்திருப்பவள் பார்க்கும் பூ

ஜூலை 8, செவ்வாய்

சின்னவளை இன்று என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. தைக்கும் அறையை அவளுக்கு விட்டுவிட்டு மெஷினைக் கூடத்துக்குத் தள்ளினேன். கட்டிலின் கால்பக்கம் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறது. தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, அவள் படுத்தே கிடக்க வேண்டும். சாப்பிடவும் குளியலறைக்குப் போகவும் மட்டும் எழலாம்.

என் தங்கைக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டன. இந்தத் தடவை டாக்டரம்மா கர்ப்பப்பையின் வாயில் ஒரு தையல் போட்டிருக்கிறார். முப்பத்தாறாவது வாரம் வரைக்கும் அது தாங்க வேண்டும். இன்றைக்கு இருபத்தொன்று.

இருபது வருஷமாகத் துணி தைப்பவள் நான். என்ன நூல், எத்தனை முடிச்சு என்று கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கேட்டதில் என்ன தப்பு? என் தங்கச்சி ஆச்சே.

ஜூலை 11, வெள்ளி

கூரையில் பதினான்கு விரிசல் இருக்கிறதாம். எண்ணிவிட்டாள். மூன்று நாளில் பதினான்கு என்றால், பதினைந்து வாரத்துக்கு என் கூரை தாங்காது.

ஏதாவது செய்யலாம் என்று ஒரு டம்ளரில் மல்லிகை வைத்தேன். ஐந்தே நிமிஷம். வாசனை பிடித்ததும் அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. புண்ணியம் தேடப்போய் பக்கெட் கழுவினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இருபத்திரண்டு.

வாசனையே இல்லாத பூவாகத் தேடினேன். எதிர்வீட்டு வேலியோரம் நித்தியகல்யாணி மண்டிக் கிடக்கிறது. விடியும்போதே போய் மூன்று கிள்ளினேன், கூட ஒரு புல்கதிர். காலியான இருமல் மருந்து பாட்டிலில் செருகி, சின்னவளின் தலைக்கு மேலே ஜன்னல் கட்டையில் வைத்தேன். "நல்லா இருக்குக்கா" என்றாள்.

மூன்று தண்டும் மூன்று உயரத்தில் இருந்தால்தான் அழகு. தண்ணீருக்குள் இலை இருந்தால் மறுநாளே நாறும். ஐந்து பூவுக்கு மேல் வைத்தால் கல்யாண மேடை மாதிரி ஆகிவிடுகிறது. இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

இனி செவ்வாய்க்குச் செவ்வாய் புதுப் பூ. வாரம் ஒன்று ஏற ஒரு பாட்டில்.

ஜூலை 22, செவ்வாய்

இருபத்துமூன்று. மாட்டிக்கொண்டேன்.

எதிர்வீட்டு மீசைக்காரர் டிராஃபிக் போலீஸ். கையில் கத்தரிக்கோலும் நான்கு பூவுமாக நின்றவளை வண்டியை நிறுத்துவது மாதிரி கை காட்டி நிறுத்தினார். தங்கை கதையைச் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே போய் யூனிஃபார்ம் பேன்ட் இரண்டைக் கொண்டுவந்து, இடுப்பில் கொஞ்சம் பிரித்துவிட முடியுமா என்றார். தொப்பை போட்டுவிட்டதாம். அதை வேறு சொல்ல வேண்டுமா. ஒப்பந்தம் ஆயிற்று: என் ஊசி அவருக்கு, அவர் வேலி எனக்கு.

ஜூலை 29, செவ்வாய்

இருபத்துநாலு. காகிதப்பூ, ஒரே ஒரு கொத்து. ஐந்தாம் மாதத்தைத் தாண்டி ஒரு மாசம் ஆயிற்று. இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திருஷ்டி பட்டுவிடுமோ என்று பயம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் முதுகு வலி தாங்காமல், சின்னவளுக்குப் பக்கத்தில் அவளைப் போலவே தலையணை இல்லாமல் படுத்தேன். அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் கட்டையில் என் புதுப் பாட்டில். பூ எங்கே? பாட்டிலின் அடி தெரிந்தது. தண்ணீர் தெரிந்தது. வெட்டின தண்டு, பூவுக்குக் கீழே இருக்கும் பச்சைக் கிண்ணம் எல்லாம் தெரிந்தன. பூ மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாக நின்றுகொண்டு வைத்து, நின்றுகொண்டு ரசித்து, நின்றுகொண்டே பெருமையும் பட்டிருக்கிறேன். பிளவுஸின் கழுத்து வெட்டைக் கண்ணாடி முன்னால் வைத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு இது தோன்றவில்லையே.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ ஆசையா வைக்கிறேக்கா. தண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்காமல் சிரிக்க வேண்டும் என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திரைச்சீலைக் கம்பியில் நூல் கட்டி மூன்று சின்ன பாட்டில்களைத் தொங்கவிட்டேன். கொடி வகையாகத் தேடி, நுனி கீழே வழிகிற மாதிரி வைத்தேன். மீசைக்காரர் வீட்டில் ஜிமிக்கி மாதிரி தலைகீழாகத் தொங்கும் செம்பருத்தி ஒன்று இருக்கிறது. அது இத்தனை நாள் இவளுக்காகத்தான் பூத்திருக்க வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, படுத்துப் பார்ப்பது. எழுந்து ஒரு தண்டைத் திருப்புவேன், தரையில் படுப்பேன், மறுபடி எழுவேன். முதலில் கூடத்து ஜன்னலில்தான் ஒத்திகை பார்த்தேன், சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் பேன்ட் வாங்க வந்தார். தரையில் கண்ணை அகல விரித்துக் கிடந்த என்னைப் பார்த்ததும் மயக்கம் என்று முடிவு செய்து, செம்பில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டார். விஷயத்தை விளக்கியும் நம்பவில்லை. அவரையும் படுக்கச் சொன்னேன். யூனிஃபார்மோடு படுத்துப் பார்த்தார். "இடது பக்கம் காலியா இருக்கும்மா" என்றார்.

அவர் சொன்னது சரி. இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். மின்கோபுரம் நிறுத்தும் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான் வர முடிகிறது. இந்தத் தடவை பழத்துக்குப் பதில் பை நிறைய காய்ந்த நெற்றும் முள்குச்சியும். வேலை செய்யும் காட்டில் பொறுக்கினாராம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரை முள் குத்தி, ஊர் வந்து சேரும் வரை திட்டு வாங்கியிருக்கிறார்.

நெற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். காற்று வந்தால் சலசலக்கிறது. பிறகு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மெஷினுக்குப் போய்விட்டேன். இப்படி ஒருத்தருக்காகத் தரையில் படுக்க எனக்கு யாரும் வாய்க்கவில்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சந்தோஷம்தான் கூட.

செப்டம்பர் 2, செவ்வாய்

இருபத்தொன்பது. மழை பிடித்துக்கொண்டது. பூவெல்லாம் நைந்து போச்சு. சுவர் இடுக்கில் முளைத்த பெரணி, கொஞ்சம் புல், அவ்வளவுதான். வெறும் பச்சை. சின்னவளுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறதாம். இத்தனைக்கும் நான் இரண்டு நிமிஷத்தில் செய்தது.

குழந்தை உதைப்பதை என் கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். விட்டது பார் ஒரு உதை!

செப்டம்பர் 16, செவ்வாய்

முப்பத்தொன்று.

பதினோரு மணிக்கு அக்கான்னு ஒரு சத்தம். ஓடினேன். இடுப்பு வலிக்குதுங்கறா. முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. ஆட்டோ கிடைக்கல. மீசைக்காரர்தான் நடுரோட்டுல நின்னு ஒரு காரை மறிச்சு ஏத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில ஊசி போட்டு படுக்க வச்சிருக்காங்க. என்னை வெளியே உக்காரச் சொல்லிட்டாங்க. நோட்டு பையில இருந்துச்சு, எழுதறேன். எழுதாம இருந்தா கத்திடுவேன். நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா? நேத்து அவளை சிரிக்க வச்சேனே — அதனாலயா? போன ரெண்டு தடவையும் இதே பெஞ்சு. இதே பச்சைச் சுவர். கடவுளே, தாங்கணும். இன்னும் அஞ்சே வாரம்தானே. தாங்கணும்.

இன்னிக்குப் பாட்டில் மாத்தல.

செப்டம்பர் 18, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலி நின்றுவிட்டது, தையல் விலகவில்லை. சிரித்ததால் ஒன்றும் ஆகாது, தாராளமாகச் சிரிக்கலாம் என்றார் டாக்டரம்மா. இதை நானேதான் கேட்டேன், முட்டாள் மாதிரி.

அறைக்குள் நுழைந்தால் வாடின பூ தொங்குகிறது. எடுக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். "வாடினாலும் விழலையேக்கா."

அவசரத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பிரிக்க வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முப்பத்துமூன்று. மழை விட்ட மறுநாள், தரையோடு தரையாக வெள்ளைப் பூ, பெயர் தெரியவில்லை. ஐந்து வைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

முப்பத்தாறு! முப்பத்தாறு! முப்பத்தாறு!

தையலைப் பிரித்துவிட்டார்கள். நான் இத்தனை வருஷத்தில் பிரித்த எத்தனையோ தையலுக்கு வயிறெரிந்திருக்கிறேன், சந்தோஷப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். இனி எப்போது வந்தாலும் வரட்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கட்டிலுக்கு அடியில் இருந்த செங்கல்களை, லீவு போட்டு வந்திருந்த மாப்பிள்ளை எடுத்துப்போட்டார். சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடத்து வரைக்கும் நடந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

நவம்பர் 2, ஞாயிறு

பெண். இரண்டே முக்கால் கிலோ. அழுகைச் சத்தம் மூன்று கிலோவுக்கு மேலேயே இருக்கும்.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்று வாரமாக எழுதவில்லை, பூவும் வைக்கவில்லை. யாருக்கு நேரம்? கொடியில் துணி, நாற்காலியில் துணி, மெஷின் மேலேயும் துணி. குட்டி பகலில் தூங்கி, ராத்திரியில் எங்களை ஆட்டிவைக்கிறாள்.

இன்று காலை குளித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். நூல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர். அதில் பதினோரு செம்பருத்தி. எல்லாம் ஒரே உயரம், தண்ணீருக்குள் பாதி இலை, ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டம் நிற்கிற மாதிரி. ஈரம் சொட்டி என் அளவுப் புத்தகம் நனைந்திருந்தது.

மாப்பிள்ளையா என்று கேட்டேன். அவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை.

சின்னவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். செருப்பில் சேறு.

"நான்தான்க்கா. ரோட்டைத் தாண்டி நானே நடந்து போய் பறிச்சேன். யாரையும் பிடிச்சுக்கல."

ஏன்டி ஈரத்தில் போனாய் என்று திட்ட வாயெடுத்தேன். அழுதுவிட்டேன். அவள் உள்ளே குழந்தை அழுகிறது என்று போய்விட்டாள்.

ஒரு தண்டைக்கூட நான் தொடவில்லை. அந்த டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மூன்று பிளவுஸை முடித்தேன்.